ஐம்பது காசுச் சித்திரம்

ஐம்பது காசுக்கு இன்றைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், யாரும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். வெற்றிலைக் கடையில் ஒரு பாக்குத் துண்டுகூடக் கிடைக்காது. அந்த நாணயத்தைக் கோயில் வாசலில் கையேந்தி நிற்பவரிடம் நீட்டினால், அவர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். ஆனாலும் அதே ஐம்பது காசுக்கு ஒரு சாமான் விற்கிறார்கள். அதில் நாலு வரி எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டால் போதும். காஷ்மீரத்து மலைச் சரிவில் ஒரு வீடு இருந்தாலும், ஒரு மனிதர் தேடிப் போய் அதைக் கொடுத்துவிட்டு வருவார். கன்னியாகுமரிக்கும் அதே விலைதான். அடுத்த தெருவுக்கும் அதே விலைதான். நான் தபால் கார்டைத்தான் சொல்லுகிறேன்.

சென்ற தடவை நான் இருபத்தைந்து கார்டு கேட்டபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்தஞ்சா? எதுக்கு சார், ஏதாவது கோரிக்கை இயக்கமா?"

கேள்வியில் தப்பே இல்லை. இப்போதெல்லாம் யாராவது மொத்தமாகக் கார்டு வாங்கினால், ரயில் நிற்கவேண்டும் என்றோ, சாராயக் கடையை எடுக்கவேண்டும் என்றோ மந்திரிக்கு அனுப்பத்தான் வாங்குகிறார்கள். "படம் போடுவதற்கு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டாள். கதை எழுதுகிற ஆசாமி, கொஞ்சம் முன்னே பின்னே இருப்பான் என்று நினைத்திருக்கலாம்.

எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் வயதானவர்கள் இதைக் 'காலணாக் கார்டு' என்பார்கள். இந்திய சர்க்கார் முதன்முதலில் தபால் கார்டு வெளியிட்டது 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதம். விலை கால் அணா. அதே 1879-ல்தான், வருஷக் கடைசியில், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலும் வந்தது. வழியில் வில்லியனூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. கார்டும் ரயிலும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

ஒரு கார்டு 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். அதில் பாதியை விலாசம் எடுத்துக்கொண்டுவிடும். இந்தச் சின்ன நிலத்தில் நான் எட்டு வருஷமாகப் பயிர் செய்துகொண்டிருக்கிறேன். நான் ஓவியன் அல்ல. பசு வரைந்தால் அது பசுதான் என்று பக்கத்தில் எழுதவேண்டியிருக்கும். ஆனால் கார்டில் வரைவதற்குச் சித்திரக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. சமையலறைக்குள் நுழைய அனுமதி இருந்தால் போதும்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு அழுத்துங்கள். ஐந்து இதழ்ப் பூ வந்துவிடும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டி அழுத்தினால், ஜன்னல் ஜன்னலாக ஒரு மாளிகையே எழும்பும். செம்பருத்தி இதழைக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா நிறம். அதன்மேல் ஒரு துளி எலுமிச்சம் பழச் சாறு விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா நிறமாகிவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆலாத்தி சுற்றுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மஞ்சளிடம் மட்டும் ஒரு குறை. வெயில் பட்டால் வெளிறிப் போகும். மஞ்சளில் வரைந்த சூரியன், சூரியனைக் கண்டாலே மறைந்துவிடுகிறான்! பீட்ரூட்டையும் நம்பவேண்டாம், இரண்டே வாரத்தில் அதன் சிவப்புப் பழுப்பாகிவிடும். எல்லாவற்றிலும் விசுவாசமானது காப்பி டிக்காஷன். எத்தனை நாளானாலும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் முதல் டிக்காஷன் எனக்கு, இரண்டாவது டிக்காஷன் கார்டுக்கு.

சர்க்கார் கார்டில்தான் வரையவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே அளவில் நாமே அட்டை வெட்டி, ஸ்டாம்பு ஒட்டியும் அனுப்பலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகு, சட்டைப் பெட்டியின் மூடி, டிசம்பர் முடிந்ததும் அநாதையாகிவிடும் தினசரிக் காலண்டரின் அட்டை, இவையெல்லாம் நல்ல அட்டைகள். கையில் கொஞ்சம் காசு புழங்குகிற மாதத்தில் புதுச்சேரிக்குப் போய், ஆசிரமத்தார் 1959 முதல் நடத்திவரும் கைக்காகிதத் தொழிற்சாலையின் தாள் ஒன்று வாங்கிவருவேன். பருத்தித் துணிக் கழிவைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் ஏந்தி, ஒவ்வொரு தாளாக எடுத்து அழுத்தி உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் யாருடைய பனியனுக்கோ வெட்டிய துணியின் மிச்சம், என் கார்டாகி இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. 22 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாள் ஒன்று இருந்தால் முப்பது கார்டு வரை தேறும். அதில் மை கொஞ்சம் கசியும். கசியட்டுமே.

இது ஏதோ நான் கண்டுபிடித்த பைத்தியம் என்று நினைக்கவேண்டாம். இதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. உலகத்தில் இன்றைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படக் கார்டு 1840-ஆம் ஆண்டுக் கார்டு. லண்டனில் புல்ஹாம் என்ற இடத்தில் இருந்த தியோடர் ஹூக் என்ற எழுத்தாளருக்கு வந்தது அது. அனுப்பியவரும் அவரேதான் என்கிறார்கள்! தபால் குமாஸ்தாக்கள் பிரம்மாண்டமான ஒரு மைக்கூட்டைச் சுற்றி உட்கார்ந்து எழுதுவதாகக் கையாலேயே வரைந்து, வர்ணம் தீட்டி, தபாலிலாகாவைக் கேலி செய்த கார்டு. அந்தக் கேலியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையையும் அந்த இலாகாவிடமே கொடுத்தார். 2002-ல் அதை ஏலம் விட்டபோது முப்பத்தோராயிரம் பவுனுக்குமேல் போயிற்று. சர்க்கார்கள் கார்டு என்று ஒன்றை அச்சடிக்க ஆரம்பித்ததே 1869-ல், ஆஸ்திரியாவில்தான். ஆகவே, கையால் செய்த கார்டு முந்தியது. அச்சடித்த கார்டு பிந்தியது. எழுத்தாளன் முந்திக்கொண்டான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு.

நம் நாட்டில் நந்தலால் போஸ் இருந்தார். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஒரு தலைமுறை ஓவியர்களை உருவாக்கியவர். பெரிய சுவர்களில் எழுதிய அதே கை, சின்னக் கார்டுகளிலும் ஓயாமல் எழுதியது. வெளியூர் போனால் கார்டுகளைக் கையோடு கொண்டுபோவார். ஒரு மரம், ஒரு மாட்டுவண்டி, ஒரு மலையோரம், நாலு கோட்டில் பிடித்து, மாணவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தபாலில் சேர்த்துவிடுவார். இன்றைக்கு அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அவர் அனுப்பியபோது அவை வெறும் க்ஷேம சமாசாரம்.

அமெரிக்காவில் ரே ஜான்சன் என்று ஒருவர். 1950-களிலிருந்து வெட்டி ஒட்டிய சின்னச் சின்னச் சித்திரங்களை ஊரெல்லாம் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பலவற்றின்மேல், 'இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பவும்' என்று எழுதியிருப்பார். வாங்கியவர் ஒரு மூக்கு வரைவார், அடுத்தவர் மீசை வைப்பார், சித்திரம் நடந்துகொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குக் 'கடிதப் போக்குவரத்துப் பள்ளி' என்று பெயர் வைத்து, ஆங்கில எழுத்தில் ஒன்றை மாற்றி, உள்ளே 'நடனம்' என்ற சொல் வரும்படி செய்துவிட்டார்கள். 1970-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியமே அவற்றைக் காட்சிக்கு வைத்தது. தபால் கலை என்று உலகம் இன்று சொல்லுவது பெரும்பாலும் இவர் பெயரைச் சொல்லித்தான். இவரை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன் என்பது பின்னால் தெரியும்.

ஆனால், யோசித்துப் பார்த்தால், தபாலில் சித்திரம் அனுப்புவதை நம் வீடுகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியதே இல்லை. நல்ல சேதி எழுதினால் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். சாவுச் சேதிக்கு ஓரத்தில் கறுப்பு மை. தபால்காரர் தெரு முனையில் வரும்போதே மூலையைப் பார்த்துவிட்டு, வாங்குவதா, உட்கார்ந்துகொண்டு வாங்குவதா என்று தீர்மானம் செய்துகொள்ளலாம். கறுப்புக் கார்டைப் படித்தவுடன் கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளமாட்டார்கள். எழுத்தே தெரியாதவர்களும் பாதிச் சேதியைப் படித்துவிடும்படி நம்மவர் செய்துவைத்திருந்த ஏற்பாடு இது. மேலே ஒரு பிள்ளையார் சுழி. அதுவும் ஒரு சித்திரம்தானே!

கார்டு என்றவுடன் எழுத்தாளர்களுக்கு இரண்டு பெயர்கள் ஞாபகம் வராமல் போகாது. வல்லிக்கண்ணன் ஒருவர், திருநெல்வேலி தி. க. சி. ஒருவர். எங்கோ ஒரு மூலையில், நூறு பேர் படிக்கிற சிறு பத்திரிகையில், ஒரு பையன் முதல் கதை எழுதியிருப்பான். அதைப் படித்துவிட்டு அவனுக்கு ஒரு கார்டு போடுவார்கள். 2014-ல் தி. க. சி. மறைந்தபோது, எத்தனை வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டுகளை எடுத்துப் பார்த்திருப்பார்கள்! பரிசும் பட்டயமும் சுவரில் தொங்கும். கார்டு பெட்டிக்குள் இருக்கும். எது பத்திரமாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சீமையின் தபால் கதையும் ஒரு தனிக் கதை. 1954 நவம்பர் வரை இங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களெல்லாம் தென்னாற்காட்டுக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தன. இந்த வரப்பு பிரெஞ்சு, அந்த வரப்பு இங்கிலீஷ். கூப்பிடு தூரத்தில் சம்பந்தி வீடு. ஆனால் அங்கே போகிற கடிதம் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குப் போகிற கடிதம். பிரெஞ்சு இந்திய ஸ்டாம்புகளில் 1923 முதல் விலையைப் பணமும் காசுமாகவே போட்டிருந்தார்கள். இருபத்துநாலு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். பாரதியார் இங்கே இருந்த 1908 முதல் 1918 வரையான பத்து வருஷத்தில், அவருடைய தபாலின்மேல் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸாருக்கு இருந்த அக்கறை, அவருடைய வாசகர்களுக்கு இருந்ததைவிட அதிகம். எல்லை போய்விட்டது. இருந்தும் தபாலிலாகா இன்றைக்கும் ஒரு குறும்பு செய்துகொண்டிருக்கிறது. வில்லியனூரின் பின்கோடு 605 என்று புதுச்சேரியாகத் தொடங்கும். பாகூரின் பின்கோடோ 607 என்று கடலூர்க்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரே சர்க்கார், இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்தான். ஆனால் என் கார்டு கடலூர் வழியைப் பார்த்துத்தான் போகவேண்டும்.

அந்தப் பாகூரில்தான் என் பெரியம்மா இருக்கிறாள்.

எண்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறையலாம். பிரெஞ்சுக் கொடி பறந்தபோது பிறந்தவள். ஏரிக்கரை ஓரம் வீடு. பிள்ளை பிரான்சில். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான்; நல்லவன்தான். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாகூர் சாதாரண ஊர் இல்லை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. அதை நடத்துவதற்கு நிருபதுங்க பல்லவன் காலத்தில் மூன்று ஊர்களையே எழுதிவைத்ததற்குச் செப்பேடு இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் வருஷம் கழித்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படிப்பு இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியாமல்தான் வெகுகாலம் போயிற்று. வருகிற கடிதத்தைத் தபால்காரரோ, எதிர் வீட்டு வாத்தியாரோ படித்துச் சொல்வார்கள். பிறகு டெலிபோன் வந்தது, கவலை தீர்ந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் காது மந்தமாக ஆரம்பித்தது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "உள்ள வண்டு பூந்தாப்புல இருக்குது" என்று கழற்றி மாடத்தில் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் தன் செல்போனில் முகம் தெரிகிற மாதிரி பிரான்சைக் கூப்பிட்டுக் கொடுப்பான். பிள்ளை சிரிப்பான், வாயை அசைப்பான், பிறகு மறைந்துபோவான். "மூஞ்சி வருது, போயிடுது. கையில ஒண்ணும் நிக்கமாட்டங்குதே" என்பாள்.

காதுக்கும் போகாது, எழுத்தும் தெரியாது. இனி இவளோடு எப்படிப் பேசுவது? நான் அடிக்கடி போய்ப் பார்க்கலாம், போகிறேன். ஆனாலும் இரண்டு தடவைக்கு நடுவே இருக்கிற நாட்களுக்கு என்ன செய்வது?

ஒரு கார்டில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தை வரைந்து அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதவில்லை. விலாசம் மட்டும். அடுத்த வாரம் நான் போனபோது, அந்தக் கார்டு மாடத்தில், காது மெஷின் இருந்த இடத்தில் சாய்த்து வைத்திருந்தது.

"முருங்கை காச்சிருக்குதா?" என்று கேட்டாள்.

சேதி போய்ச் சேர்ந்துவிட்டது! எட்டு வருஷமாக நடக்கும் இந்த வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. மருமகளுக்குப் பிரசவம் என்றால் தொட்டில். மழை பெய்தால் குடை. வில்லியனூர்த் தேர் ஓடினால் தேர். திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்து இழுப்பார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். ஆகவே ஒரு தேர், முன்னால் தொப்பி வைத்த ஓர் ஆள். பெரியம்மாவுக்குக் கவர்னர் என்றால் தொப்பி இருந்தாகவேண்டும். 2020-ல் எங்கள் ஊர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எங்கள் பக்கத்துக் களிமண்ணையே தண்ணீரில் கரைத்து ஒரு குதிரை எழுதி அனுப்பினேன். காய்ந்த மண் வழியெல்லாம் உதிர்ந்து, போய்ச் சேர்ந்தது முக்கால் குதிரை. "காலு எங்கடா?" என்றாள். தபால் தானும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். முத்திரை மை ஒரு பக்கம், மழைத் துளி ஒரு பக்கம். அதற்காக வருத்தப்படுபவன் கார்டு அனுப்பக்கூடாது. பாங்கு லாக்கரில் வைத்துப் பூட்டிக்கொள்ளவேண்டும்.

பதில் வேண்டுமே! என் விலாசத்தை எழுதிய கார்டுகள் இருபத்தைந்தை ஒரு கட்டாக அவளிடம் கொடுத்தேன். ஒரு பென்சிலும் கொடுத்தேன். "நான் என்னாத்த எழுதுறது?" என்று சிரித்தாள். பத்து நாள் கழித்து முதல் கார்டு வந்தது. பதினோரு புள்ளி வைத்த சிக்குக் கோலம். அந்தச் சின்ன அட்டையில் கடுகு கடுகாகப் புள்ளி. அவற்றைச் சுற்றி, எங்கும் முறியாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்கிற ஒரே கோடு.

நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தைந்து வருஷமாக விடியற்காலையில் இவள் வாசலில் கோலம் போட்டிருக்கிறாள். சைக்கிள் போனது, கோழி கிளறியது, உச்சிப்பொழுதுக்குள் காற்று கொண்டுபோயிற்று. இருபதாயிரத்துக்குமேல் சித்திரம் எழுதியவளிடம், சேர்த்துவைத்தது என்று ஒன்றுகூட இல்லை. இதோ, முதல் பிரதி என் கையில்.

அது முதல் மாதத்துக்கு இரண்டு வரும். என் மனைவிக்குக் கோலம் தெரியும். எனக்கு அது படிக்கத் தெரியாத பாஷை. "நெளிவு பாருங்க, சந்தோஷமா இருக்காங்க" என்பாள் மனைவி. "இது அவசரமாகப் போட்டது" என்பாள். நாளாக நாளாக எனக்கும் கொஞ்சம் வாசிக்க வந்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு புள்ளி ஒன்பது ஆயிற்று. அப்புறம் ஏழு. கோட்டில் லேசாக நடுக்கம் தெரிந்தது. வளைகிற இடத்தில் பென்சில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தது. 'நலம், நலமறிய அவா' என்று ஆயிரம் கடிதம் வந்தாலும் தெரியாத உண்மை அந்தப் புள்ளிக் கணக்கில் இருந்தது. பிரான்சில் இருக்கும் என் தம்பிக்கு நான் அதைச் சொல்லவில்லை. கார்டுகளைப் படம் எடுத்து வரிசையாக அனுப்பிவைத்தேன். அந்த வருஷம் அவன் பொங்கலுக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனான்.

போன ஐப்பசியில் ஒரு கார்டு வந்தது. ஐந்து வரிசை புள்ளி. கோடே இல்லை. வெறும் புள்ளி.

வெளியே அடைமழை. நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். கதை எழுதுகிறவன் புத்தி நல்லதை நினைக்காது. மூன்று விதமான முடிவு தயாராகிவிட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்டா தம்பி, இந்த மழையில நனைஞ்சுகிட்டு வந்தே?"

கார்டை எடுத்துக் காட்டினேன். கையை விரித்து, கோடு எங்கே என்று சாடை செய்தேன்.

வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. "கையி முன்னமாதிரி வளையல. புள்ளி நான் வெச்சிட்டேன். கோடு நீ இழுத்து அனுப்புவியாக்கும்னு பாத்தேன். நீயே வந்துட்டியே!"

ரே ஜான்சன் நியூயார்க்கில் உட்கார்ந்து கார்டின்மேல் எழுதியதும் இதுதானே! பாகூர் ஏரிக்கரையில் ஒருத்தி அதை எழுதாமலே சொல்லிவிட்டாள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படித்தான் நடக்கிறது. அவள் புள்ளி வைத்து அனுப்புகிறாள். நான் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடு இழுத்து, அதே கார்டை ஓர் உறையில் போட்டு, ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன். கோடு இழுக்க உட்கார்ந்த பிறகுதான், அது எவ்வளவு கெட்டிக்கார வேலை என்று தெரிகிறது. எந்தப் புள்ளியும் விட்டுப்போகக்கூடாது. எந்தப் புள்ளியையும் தொடவும் கூடாது. நாவலில் பாத்திரங்களை வைத்துக்கொண்டு நான் இருபது வருஷமாகத் திண்டாடுவதும் இதற்குத்தான்.

என் சிநேகிதர் ஒருவர், மிகவும் நவீனமானவர், "ஒரு நொடியில் போட்டோ எடுத்து அனுப்பலாமே, மூன்று நாள் எதற்கு?" என்றார். நொடியில் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. தம்பிக்கு நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஆனால் அப்படி அனுப்பியது என்னிடமும் இருக்கிறது, அவனிடமும் இருக்கிறது. கார்டு அப்படியல்ல. பெட்டியின் வாயில் அதைப் போடுகிற கணத்தில் அது என்னைவிட்டுப் போய்விடுகிறது. நகல் கிடையாது. திருத்தம் கிடையாது. நாலு நாள் உட்கார்ந்து செய்த வேலையை, இன்னொருத்தர் மாடத்தில் இருக்கட்டும் என்று கைவிடுகிறோம். விரலை விடும்போது அடிவயிற்றில் ஒரு சின்னக் குளிர்ச்சி ஏற்படுகிறது. என் நாவல்கள் ஆயிரம் பிரதி அச்சாகி, யார் யாரோ படிக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள், அவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு வாசகர் என்று எழுதுகிற சுகத்தை எந்தப் பதிப்பாளரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஒரே வாசகர் என்று சொன்னதுகூடச் சரியில்லை. கார்டுக்கு மூடி கிடையாது. பையைக் கட்டுகிறவர் பார்க்கிறார்; பிரிக்கிறவர் பார்க்கிறார். பாகூர்த் தபால்காரர் பெரியம்மாவிடம் கார்டைக் கொடுக்கும்போது, "ஆயா, இந்த வாட்டி ஆமை வந்திருக்குது" என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறாராம். அது ஆமை இல்லை, பலாப்பழம். இருக்கட்டும், அவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது கை துறுதுறுத்தால் ஒன்றிரண்டு சொல்லிவைக்கிறேன். மேடாக எதையும் ஒட்டாதீர்கள். மணி, சோழி, குச்சி எல்லாம் வழியில் பிய்ந்துபோகும். ஆசை விடாவிட்டால் உறைக்குள் போடுங்கள். விலாசப் பக்கத்தில் மட்டும் உங்கள் சித்திர சாமர்த்தியத்தைக் காட்டவேண்டாம். பின்கோடு ஆறு எண்ணும் கறுப்பு மையில் குண்டு குண்டாக இருக்கட்டும். மழைக்காலத்தில் விலாசத்தின்மேல் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் எழுத்துக் கலையாது. முதல் கார்டு நன்றாக வரவில்லை என்று கிழித்துப் போடாமல் அப்படியே அனுப்பிவிடுங்கள். நன்றாக வந்த கார்டைத்தான் அனுப்ப மனசு வராது.

நேற்று பெரியம்மாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. புள்ளியும் இல்லை, கோலமும் இல்லை. செங்குத்தாக மூன்று கோடு. அருகே ஒரு மீன். வாலை மட்டும் நன்றாகப் போட்டிருக்கிறாள். நான் கொடுத்த கட்டில் இன்னும் மூன்று கார்டுதான் பாக்கி என்கிறாள் மனைவி. நாம் மூன்று பேரும் வரவேண்டும் என்று அர்த்தம் என்கிறாள் என் மகள். மீனைப் பற்றி மட்டும் வீட்டில் அபிப்பிராய பேதம் இல்லை. பாகூர் ஏரியில் இப்போது கெண்டை அகப்படுகிற நாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் மூன்று பேருமாகப் போவதென்று தீர்மானம் ஆகியிருக்கிறது; புதுக் கட்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோகிறோம்.